சீட்டில் படுத்த ஆறு பூனைகள்

நான் கத்தக் கத்தக் காதில் வாங்கிக்கொண்டே ஸ்பேனரைத் தேடுகிற என் அந்தோணி அண்ணனுக்கு,

வருகிற ஞாயிற்றுக்கிழமையோடு நீ இறந்து ஒரு வருசம், அன்று உனக்கு வருசப் பூசை. நம் கோயில் பங்கு மடலில் உன் போட்டோவைப் போட நாலு வரி எழுதித் தரச் சொன்னார்கள். நாலு வரியில் அடங்காது என்று சொல்லி ஒரு பக்கத்தையே கேட்டு வாங்கிவிட்டேன். உனக்கு எழுதுகிறேன், ஊரும் படிக்கட்டும். படிக்க வேண்டும் என்பதற்காகத்தான் எழுதுகிறேன்.

வெறுத்துப்போய்விட்டது அண்ணே. பூனையால். சிரிக்காதே.

நம் வீடு ரோட்டிலிருந்து இருபத்திரண்டு படி கீழே இருக்கிறது. இரண்டு வயதில் காய்ச்சல் வந்து இடது கால் சூம்பிப்போன எனக்கு அந்தப் படிகளில் இறங்கி ஏறுவதே பெரும்பாடு. வண்டியை எங்கே வாசலுக்குக் கொண்டுவருவது? நீ சைடு வீல் வைத்துக் கட்டிக் கொடுத்த ஸ்கூட்டர் எப்போதும் மேலே, ரோட்டோரத்தில்தான் நிற்கும். நீ இருந்தவரை அதில் ஒரு பூனையும் ஏறியதில்லை. உனக்குப் பயந்து அல்ல. அப்போது அவற்றுக்கு வேறு இடம் இருந்தது, அவ்வளவுதான்.

மேட்டில் இருக்கும் காட்டேஜில் சீசனுக்கு வருகிறவர்கள் கோழி எலும்பும் பிரியாணியும் போட்டுப் போட்டு ஆறு பூனைகளை வளர்த்துவிட்டார்கள். மழை தொடங்கியதும் காட்டேஜைப் பூட்டிவிட்டுப் போனார்கள். பூனைகளுக்கு யாரும் அறிவிப்பு கொடுக்கவில்லை. பசிக்கு எங்கோ எலி கிடைத்திருக்கும். குளிருக்கு? சாயங்காலம் பள்ளிக்கூட ஆபீஸ் முடிந்து நான் வந்து நிறுத்தும் வண்டியில் இன்ஜின் சூடாக இருக்கிறது, சீட்டில் ஸ்பாஞ்சு இருக்கிறது. இந்தத் தெருவில் அதைவிட நல்ல மெத்தை எது?

காலையில் படியேறி வந்தால் சீட்டு நனைந்திருக்கும். ரெக்சினைக் கீறிக் கீறி ஸ்பாஞ்சு வெளியே வந்துவிட்டது. அந்த ஸ்பாஞ்சு பனிமூட்டத்தையும் சாரலையும் உறிஞ்சும், பூனை மூத்திரத்தையும் உறிஞ்சும். நான் அதன்மேல் உட்கார்ந்து ஆபீஸுக்குப் போக வேண்டும். போன் பக்கத்தில் இருக்கும் என் நாற்காலிக்கு அருகே வந்த ஒரு டீச்சர், நேராகப் போய் ஜன்னலைத் திறந்தார். வெளியே நல்ல மழை. மழையிலும் ஜன்னலைத் திறக்கிற அளவுக்கு நான் நாறியிருக்கிறேன். 

என்னென்ன செய்தேன் என்று கேள். ஆரஞ்சுத் தோலைப் பரப்பினேன், தோலைத் தள்ளிவிட்டுப் படுத்தன. பாச்சை உருண்டையைத் துணியில் கட்டித் தொங்கவிட்டேன், அதை விளையாட்டுப் பந்தாக்கிவிட்டன. பாட்டிலில் நீலத் தண்ணீர் வைத்தேன். தார்ப்பாய் உறை வாங்கிப் போட்டேன், உள்ளே புகுந்துகொண்டன, முன்பைவிடக் கதகதப்பாக. காட்டுமாடு தெருவுக்குள் வந்தால் வனத்துறைக்குப் போன் போடலாம். பூனைக்கு யாருக்குப் போட?

கடைசியாக மிளகாய்ப்பொடி தூவினேன். மறுநாள் துடைத்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன். ஈரத்தில் ஊறி உள்ளே இறங்கியதை எப்படித் துடைக்க முடியும்? ஏரியைச் சுற்றிப் போவதற்குள் எரிச்சல் தொடங்கிவிட்டது. போகிற வழியெல்லாம் உன்னைத்தான் திட்டினேன். யாரைத் திட்டுவது என்று தெரியாதபோது உன்னைத் திட்டித்தானே எனக்குப் பழக்கம்?

நீ போனதும் மதினி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அடுக்கம் கிராமத்துக்கு, அவர்கள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் சாயங்காலம் இந்த வீட்டில் கோபப்பட ஆள் இல்லை அண்ணே. சுவரிடம் எவ்வளவு நேரம் கத்துவது?

போன மாதம் ஒரு காலையில் அது நடந்தது. உறையை உருவி மடித்து வைத்துவிட்டு வண்டியை எடுத்தேன். இறக்கத்தில் இரண்டு வண்டி நீளம் போயிருக்க மாட்டேன். சைடு வீல் மட்கார்டுக்குள் சுருண்டு கிடந்த பூனை ஒன்று காலுக்கடியில் இருந்து பாய்ந்தது. பதறிப் பிரேக்கைப் பிடித்தேன். ஈர ரோடு. இடது சக்கரம் சாக்கடையில் இறங்கி வண்டி சாய, நான் ரோட்டில் விழுந்தேன். முழங்கைத் தோல் உரிந்துவிட்டது. ஊன்றுகோல் ஒரு பக்கம், செருப்பு ஒரு பக்கம். பின்னால் ஒரு ஜீப் வந்திருந்தால் இந்த மடலில் இரண்டு போட்டோ போட வேண்டியிருந்திருக்கும்.

எதிர்வீட்டு பால்ராஜ் மாமாதான் ஓடிவந்து தூக்கினார். கேரட்டும் பீன்ஸும் போட்டு, அதைத் தின்ன வரும் எலிகளோடு வருசமெல்லாம் போராடுகிறவர். வண்டியை நிமிர்த்தி, என்னைப் பிடித்து உட்கார வைத்துவிட்டுக் கேட்டார்.

"எத்தனை நாளைக்குத்தான் தாயி இதுககூட மல்லுக்கட்டுவ? எங்கிட்ட எலி மருந்து கெடக்கு. மத்தித் தலையில வச்சுப் போட்டா வெரசா முடிஞ்சிரும். வைக்கட்டுமா?"

நான் அவர் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

"வச்சிருங்க மாமா. ஒண்ணு விடாம போய்த் தொலையட்டும்."

இதுதான் நான் சொன்னது. அப்படியே எழுதியிருக்கிறேன். ஒரு சொல்லும் மாற்றவில்லை.

ஆபீஸுக்குப் போனேன். முழங்கையில் மருந்து போட்டு விட்டார்கள். நாலைந்து போன் எடுத்தேன். பதினோரு மணி டீயைக் குடிக்கும்போது என் குரல் எனக்கே திரும்பக் கேட்டது. போய்த் தொலையட்டும். உன்னிடம் எத்தனை முறை சொல்லியிருப்பேன், இந்த வண்டியைத் தூக்கி ஏரியில் போடு, இந்த வீட்டைக் கொளுத்து, எனக்கு எதுவும் வேண்டாம் என்று. நீ சரி சரி என்பாய். ஸ்பேனரை எடுப்பாய். நான் கோபத்தில் சொல்வதையெல்லாம் செய்யாமல் விடத் தெரிந்த ஒரே ஆள் நீ. பால்ராஜ் மாமா நல்ல மனிதர். நல்ல மனிதர் சொன்னால் செய்துவிடுவாரே?

உடனே மாமாவுக்குப் போன் போட்டேன். வத்தலக்குண்டு பஸ்ஸில் இருந்தார்.

"நீ போன கையோட சோலிய முடிச்சிட்டேன் தாயி. ஏழு தலை வச்சேன்."

எங்கெங்கே என்று கேட்டேன்.  "நீதான தாயி சொன்ன?" என்றார். கோபமாக இல்லை. புரியாமல் கேட்டார். ஆமாம் மாமா, நான்தான் சொன்னேன், இப்போது வேண்டாம் என்றேன். படியில் மூன்று, கல் கட்டுக்குக் கீழே இரண்டு, சாக்கடை ஓரத்தில் இரண்டு என்று ஒவ்வொன்றாகச் சொன்னார்.

பெர்மிஷன் போட்டுவிட்டு வந்தேன். தெருவில் ஆள் இல்லை, எல்லோரும் வேலைக்குப் போயிருந்தார்கள். சாக்கடை ஓரத்தில் முதலில் பார்த்தேன், இரண்டும் இருந்தன. படியில் நின்றுகொண்டு என்னால் குனிய முடியாது. உட்கார்ந்தபடியே ஒவ்வொரு படியாக இறங்கினேன். பிளாஸ்டிக் பையைக் கையில் மாட்டிக்கொண்டு பொறுக்கினேன். படியில் மூன்று. கல் கட்டுக்குக் கீழே போக வழியே இல்லை, செடியைப் பிடித்துச் சறுக்கித்தான் போனேன். அங்கே ஒன்றுதான் இருந்தது.

ஆறு. இலையை விலக்கினேன், கல்லைப் புரட்டினேன், சேற்றில் கையை விட்டுத் துழாவினேன். ஏழாவது இல்லை. அரை மணி நேரம் கழித்து மேலே ஏறி வந்தபோது, ஸ்டாண்டு போட்டு நிறுத்தியிருந்த ஸ்கூட்டர் சீட்டில் பூனைகள் படுத்திருந்தன. சேறும் சகதியுமாக நான் நிற்பதை நிதானமாகப் பார்த்தன. எண்ணினேன். ஐந்து. காது கிழிந்த செம்பட்டைப் பூனை இல்லை.

மறுநாளும் வரவில்லை. இன்றுவரை வரவில்லை. காக்கா தூக்கியிருக்கும், அந்தப் பூனை வேறு தெருவுக்குப் போயிருக்கும், தேடாதே என்கிறார் மாமா. இருக்கலாம். அது இறந்து கிடந்ததை யாரும் பார்க்கவில்லை. ஆனாலும் எனக்குத் தெரியும் அண்ணே. உனக்கும் தெரிந்திருக்கும்.

இனிதான் நான் வெட்கப்படுகிற இடம். பூட்டிய காட்டேஜை அவ்வப்போது வந்து பார்த்துவிட்டுப் போகிற வாட்ச்மேன் பூனையைத் தேடி வந்தார். மாமா மீன் தலைகளோடு நின்றதை யாரோ பார்த்திருக்கிறார்கள். இரண்டே நாளில் தெரு முழுக்கப் பரவிவிட்டது, பால்ராஜ் பூனைக்கு மருந்து வைத்தான் என்று. டீக்கடையில் அவர் போனால் பேச்சு நிற்கிறதாம். குழாயடியில் மாமா பெண்டாட்டி அத்தையிடம் ஒருத்தி, உங்கள் வீட்டுக்கு எதிரே குழந்தையை விளையாட விடவே பயமாக இருக்கிறது என்று முகத்துக்கு நேராகச் சொல்லியிருக்கிறாள். அத்தைக்கு மருந்து வைத்ததே அதுவரை தெரியாது.

மாமா என் பெயரைச் சொல்லவே இல்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. ஒரு நாள் இல்லை, இரண்டு நாள் இல்லை, மூன்று வாரம். குழாயடியில் என்னிடமே பால்ராஜைப் பற்றி ஆத்திரமாகச் சொன்னார்கள். நான் குடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

போன சனிக்கிழமை அவர் வீட்டுக்குப் போனேன். ஏன் மாமா என் பெயரைச் சொல்லவில்லை என்று கேட்டேன். பீன்ஸைப் பொறுக்கிக்கொண்டிருந்தவர் தலையை நிமிர்த்தவில்லை.

"தனியா இருக்கிற புள்ள நீ. உன் பேரைச் சொல்லி எனக்கு என்ன ஆகப்போகுது? வச்ச கை என் கைதான."

அத்தை உள்ளேயிருந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். எனக்கு டீ வரவில்லை. அந்த வீட்டில் எனக்கு டீ வராதது அதுவே முதல் தடவை.

ஆகவே தெருவே, ஊரே, இதைப் படிக்கிற எல்லோருமே, மருந்து வைக்கச் சொன்னது ஜெசிந்தா. அவர் கேட்டார், நான் சரி என்றேன். சரி என்றதோடு நிற்காமல், ஒன்று விடாமல் என்றும் சேர்த்துச் சொன்னேன். பேசாமல் ஒதுக்குவதாக இருந்தால் என் வீடு அவர் வீட்டுக்கு நேர் எதிரேதான் இருக்கிறது, அடையாளம் சொல்லத் தேவையில்லை.

வண்டிச் செய்தியையும் சொல்லிவிடுகிறேன். உன் பழைய மெக்கானிக் ஷெட்டில் வேலை பார்க்கும் கண்ணன் பைப்பை வளைத்து, கம்பிவலை வைத்து ஒரு கூண்டு வெல்டிங் செய்து கொடுத்தார். வண்டியை மூடி நிற்கும், ஒரு கையால் தூக்கி மேலே சாய்த்துவிடலாம். இரண்டு நாள் வேலை. இதை முதலிலேயே செய்திருக்கலாம் என்று நீ சொல்வாய். சொல். அந்தக் கோபத்தில் எனக்குத் தோன்றவில்லை. ஐந்து பூனைகளும் இப்போது கம்பிவலைமேல் ஏறிப் படுக்கின்றன. முடி கீழே கொட்டுகிறது, மற்றதும் சில நாள் சொட்டுகிறது. புது சீட்டுக்கு வாரம் ஒருமுறை சோப்பு போடுகிறேன், போட்டுக்கொண்டே திட்டுகிறேன். பூனைமேல் எனக்குப் பாசமெல்லாம் வந்துவிடவில்லை அண்ணே. அப்படி யாராவது சொன்னால் நம்பாதே.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை அத்தை வழக்கம்போல வெள்ளனே முதல் பூசைக்கு நடந்து போய்விடுவார். மாமாவுக்கு முட்டிவலி, அந்த ஏற்றத்தில் நடக்க முடியாது. நான் அவர் வாசலில் வண்டியை நிறுத்துவேன். வரமாட்டேன் என்பார், வரும்வரை ஹாரன் அடிப்பேன். பின்சீட்டில் அவரை உட்கார வைத்து, டீக்கடை முன்னால் மெதுவாக ஓட்டி, எல்லோரும் இறங்கும் கோயில் வாசலிலேயே இறக்கிவிட்டு, அவர் பக்கத்தில் நின்று உன் பெயருக்குப் பூசை பார்ப்பேன். கோபத்தில் சொல்லவில்லை. நன்றாக யோசித்துச் சொல்கிறேன். செய்வேன்.

இனி தன் வாயைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டிய
உன் தங்கச்சி,
ஜெசிந்தா