இரண்டாம் சரணம் உங்கள் ராகத்தில்

அக்கா,

போன ஞாயிற்றுக்கிழமை வேதக்கோயிலில் என் மானமே போயிற்று. பாளையங்கோட்டையில் மகன் வீட்டோடு வந்த பிறகு, நம்முடைய அந்தக் கீர்த்தனையை அன்றுதான் இங்கே பாடினார்கள். முதல் சரணம் முடிந்து ஊரே ஒரு ராகத்தில் போக, நான் மட்டும் இரண்டாம் சரணத்தை உங்கள் ராகத்தில் இழுத்துவிட்டேன். முன்வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. மருமகள் முழங்கையால் இடித்து, "அத்தே, இது எந்த ஊரு ராகம்?" என்றாள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

நெய்வேலியில் நாம் அடுத்தடுத்த குவார்ட்டர்ஸில் இருந்த எழுபதுகளில் நமக்கென்று கோயில் ஏது? ஒரு ஹாலில்தான் ஆராதனை. திருநெல்வேலியிலிருந்து சுரங்க வேலைக்கு வந்த நாங்கள் ஒரு பக்கம், கடலூர்ப் பக்கத்து நீங்கள் மறுபக்கம். பாட்டு ஒன்றுதான், ராகம் இரண்டு. யார் விட்டுக்கொடுப்பது? இரண்டு பக்கமும் போட்டி போட்டுக் கத்த, மாதம் ஒருமுறை வரும் போதகர் ஐயர் காதைப் பொத்தாத குறையாக நிற்பார்.

"இவங்க இழுக்க இழுப்புக்கு வீட்டுல சோறே ஆறிரும்" என்று என் வீட்டுக்காரர் பொங்குவார். கடைசியில் முடிவே செய்துவிட்டார்: கிறிஸ்துமஸிலிருந்து எங்கள் ஆட்களுக்கு எங்கள் முன்னறையில் தனி ஆராதனை. தச்சரை வைத்துப் பெஞ்சும் செய்தாயிற்று. பெஞ்சை உள்ளே தூக்கியபோது வாசலில் நின்று பார்த்தீர்கள். "ஞாயித்துக்கெழமைக்கும் நடுவுல செவுரு வெச்சிக்கினா எப்படிம்மா?" என்றீர்கள். அந்த ஊரில் எனக்கென்று இருந்தது நீங்கள் ஒருவர்தானே அக்கா.

மறுநாள் முருங்கைக்கீரையோடு வந்து உட்கார்ந்தீர்கள். "உங்க ராகத்த எனக்குச் சொல்லிக் குடு." கீரை ஆய்ந்துகொண்டே பாடிக் காட்டினேன். "இன்னாம்மா இது, பஸ்ஸு போயிடும்னு ஓடறாப்பல பாடறீங்க!" என்று கேலி செய்தீர்கள். ஆனாலும் விடவில்லை. அவர் ஷிப்டுக்குப் போன மத்தியானமெல்லாம் நமக்கு அதே வேலை.

கிறிஸ்துமஸுக்கு முந்தின ஞாயிறு அந்தக் கீர்த்தனை வந்தது. இரண்டு பக்கமும் சண்டைக்கு மூச்சிழுக்கும் முன்பே நீங்கள் எழுந்து எங்கள் ராகத்தில் தொடங்கினீர்கள். நடுவில் தப்பினீர்கள், நிறுத்தவில்லை. உங்கள் ஆட்கள் உங்களையே பார்த்தார்கள். "இன்னா பாத்துக்கினு நிக்கிறீங்க? பாடுங்க!" என்று அவர்களை ஓர் அதட்டல் போட்டீர்கள். ஹால் முழுக்க ஒரே ராகம் எழுந்தது.

இரண்டாம் சரணத்துக்கு யாரும் வாய் திறக்கவில்லை. என் வீட்டுக்காரர் தொண்டையைக் கனைத்தார். அட ஆண்டவரே, உங்கள் ராகத்தில் அல்லவா ஆரம்பித்தார்! அந்த மனுஷனுக்கும் சுருதிக்கும் ஏழாம் பொருத்தம். "அண்ணே, அங்க இன்னும் இழுக்கணும்" என்று உங்கள் பக்கத்தில் ஒருவர் எடுத்துக்கொடுக்க, ஐயர் உட்பட எல்லாரும் சிரித்துவிட்டார்கள். வீட்டில் கேட்டதற்கு, "வாரா வாரம் எதுத்தாப்புல கேட்டா பாடமாகாதா பின்னே?" என்று முறைத்தார்.

அதன்பின் அங்கே முதல் சரணம் எங்களுடையது, இரண்டாவது உங்களுடையது. பெஞ்சு கொல்லைக்குப் போயிற்று. அதில் உட்கார்ந்துதான் நாம் வற்றலுக்குக் காவல் இருந்தோம்.

உங்கள் ஊரான மேல்பட்டாம்பாக்கத்தில் உங்களை அடக்கம் செய்தபோது உங்கள் மகள் எங்கள் ராகத்தில் முதல் சரணத்தைத் தொடங்கினாள். இரண்டாவதை நான் எடுத்தேன். நன்றி என்று ஒரு வார்த்தை உங்களிடம் நான் சொன்னதே இல்லை. அந்தச் சரணம்தான் என் நன்றி.

போன ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வந்ததும் மருமகள் விடவில்லை. "சொல்லுங்க அத்தே, எந்த ஊரு ராகம் அது?"

"எங்க ஊரு ராகம்தாம்மா" என்றேன்.