கிளேயின் கடிதங்களும் என் கடிதங்களும்

14.9.1986, ஷாஃப்ஹவுசன், சுவிஸ்
ஹோட்டலில் பாத்திரம் கழுவிக் கையெல்லாம் தோலுரிந்துவிட்டது. ஆனாலும் இங்கத்தைத் தமிழ்ச் சங்க மலருக்குக் கட்டுரை தொடங்கிவிட்டேன். ஹென்றி கிளே. அமெரிக்க ஜனாதிபதிப் பதவிக்கு மூன்று தரம் நின்று மூன்று தரமும் தோற்றவர். வடக்கும் தெற்கும் முட்டுப்படும்போதெல்லாம் நடுவில் நின்று சமாதானம் செய்தவர். யாழ்ப்பாணத்தில் படிப்பித்த காலத்தில் இவருக்குப் புத்தகத்தில் இரண்டு வரிதான். எனக்கோ ஆளை விட மனமில்லை.

என்னோடு அறையில் இருக்கும் குலேந்திரன் எட்டிப் பார்த்து, "மாஸ்டர், இது உங்கட கதையெல்லோ?" என்றான். சங்கத் தலைவர் பதவிக்கு நானும் இரண்டு தரம் நின்று தோற்றவன். வருகிற மாதம் மூன்றாவது. இந்த முறையும் அவன்தான் என்னை முன்மொழிகிறான்.

28.9.1986
தீபாவளியால் சங்கம் இரண்டுபட்டு நிற்கிறது. ஊரில் நாளுக்கொரு சாவீடு, இங்கே கொண்டாட்டமோ என்று வில் நகரத்துப் பக்கத்தார். பிள்ளைகளுக்கு ஒரு நாளாவது வேண்டாமோ என்று இங்கத்தையார். வில் நகரத்துப் பாலேந்திரனுக்கு எழுதினேன்: துக்கம் காப்பதே முறை. இங்கே நித்தியானந்தனுக்கும் எழுதினேன்: சின்னதாய் வைக்கலாம். இரண்டையும் மனதார நம்பித்தான் எழுதினேன்.

மனதார நம்பியா?

1.10.1986
கட்டுரை 1844க்கு வந்துவிட்டது. அடிமை முறை உள்ள டெக்சாசை நாட்டோடு சேர்ப்பதா என்ற கேள்வி. கூடாது என்று கிளே ஒரு கடிதம் எழுதினார். பிறகு தெற்கத்தையாரைச் சமாளிக்க, சேர்த்தாலும் பாதகமில்லை என்பதுபோல வேறு கடிதங்கள். எல்லாம் பத்திரிகையில் வந்தது. இரண்டு பக்கத்தாருக்கும் ஆள்மேல் நம்பிக்கை போயிற்று.

மேலே எழுத ஓடவில்லை.

5.10.1986
தேவாலய மண்டபத்தில் தலைவர் தெரிவுக் கூட்டம். கை தூக்கமுன் பாலேந்திரன் எழும்பி என் கடிதத்தை வாசித்தார். நித்தியானந்தன் தன்னிடமிருந்ததை வாசித்தார். ஒருவரும் ஏசவில்லை, அதுதான் தாங்க முடியவில்லை. எனக்கு ஒன்பதே கை, மூன்றாவது தோல்வி. அந்த ஒன்பதில் ஒன்று குலேந்திரனுடையது, தலை குனிந்தபடி.

ஐயோ, எனக்கென்ன பிடிச்சது? படிப்பிச்சவனுக்கே புத்தி வரேல்லை.

2.11.1986
தீபாவளிக்கு இரண்டு இடத்தில் இரண்டு கூட்டம் நடந்ததாம். நான் ஒன்றுக்கும் போகவில்லை.

18.1.1987
நித்தியானந்தன் வந்தார். இருபத்தொரு பேரோடு பிரிந்து புதுச் சங்கம் வைக்கிறார்கள். மனு எழுத, மேடையில் கதைக்க ஒரு படித்த ஆள் வேண்டுமாம். என்னைத் தலைவராக இருக்கக் கேட்டார். அவர் போனபிறகு குலேந்திரன் சொன்னான்: "வேண்டாம் மாஸ்டர். நீங்களும் போனா, இது பிறகு ஒட்டாது."

அவன் சொல்வது சரி. எனக்குத் தெரியும்.

1.2.1987
புதுச் சங்கத்தின் கடிதத் தாள் அச்சாகி வந்தது. மேலே என் பெயர், கீழே தலைவர் என்று. வடிவாகத்தான் இருக்கிறது.

குலேந்திரன் வெள்ளிக்கிழமை வேறு அறைக்குப் போய்விட்டான். வாசலில் நின்று, "போறன் மாஸ்டர்" என்றான். வாறன் என்று சொல்லவில்லை.