திரும்பி நிற்கும் இரண்டு கத்திகள்

அன்பு அப்பா,

இதை யாரிடமும் காட்டிவிடாதீர்கள். அம்மாவின் கனவில் வந்தால்கூட வாய் திறக்கக் கூடாது. போர்வைக்குள் டார்ச்சை வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

நீங்கள் எங்களை விட்டுப் போனபிறகு, பின்னால் நடந்து ஓட்டும் உங்கள் சின்ன உழவு மிஷின் கொட்டகையிலேயே கிடந்தது. போன வாரம் சித்தப்பா, "எதுக்கு மதினி இதைக் கட்டிக்கிட்டுக் கஷ்டப்படுறீக? வித்துருவோம். நீங்க இங்குட்டு இழுத்தா அது அங்குட்டு ஓடும்" என்றார்.

அம்மா சிரித்தாள். "உங்க அண்ணனுக்கும் அப்படித்தான் ஓடுச்சு தம்பி. ஞாயித்துக்கிழமை நான் ஓட்டுறேன், வந்து பாருங்க. முடியலைன்னா நீங்களே வித்துருங்க."

விடிந்தால் ஞாயிறு.

மிஷினுக்கு அடியில் சுழன்று மண்ணைக் கிளறும் பழைய கத்திகள் விரல் அகலத்துக்குத் தேய்ந்துவிட்டன. அவை கத்தரித் தோட்டத்தைப் பிறாண்டத்தான் செய்யும். நீங்கள் வாங்கி வைத்த புதுக் கத்திகள் சாக்கில் இருந்தன. இன்று அம்மா திருப்பத்தூர் சந்தைக்குப் போன நேரம் பார்த்து மாற்றிவிட்டேன். இன்ஜின் கிளம்பிவிடாமல் இருக்க ஸ்பார்க் பிளக் வயரை முதலிலேயே பிடுங்கிவிட்டேன், பயப்படாதீர்கள்.

நீங்கள் ஒன்றைக் கழற்றினால், அதன் இடத்தில் புதியதை மாட்டிவிட்டுத்தான் அடுத்ததைத் தொடுவீர்கள். ஆமை என்று கேலி செய்வேனே! நான் அவசரத்தில் பதினாறையும் கழற்றிக் குவித்துவிட்டேன். புதியதில் எது இடப்பக்கக் கத்தி, எது வலப்பக்கக் கத்தி என்று குழம்பிப்போயிற்று. இருட்டிய பிறகு டார்ச் அடித்துப் பார்த்தால், இரண்டு கத்திகள் கூரான பக்கத்துக்குப் பதில் மொட்டை முதுகை முன்னால் காட்டிக்கொண்டு நிற்கின்றன. காய்ந்த மண்ணில் முதுகு மோதினால் மிஷின் துள்ளும் அல்லவா? துள்ளி அம்மாவின் காலில் ஏறிவிட்டால்?

இப்போதே போய் மாற்றலாம். ஸ்பேனர் தலையணைக்கு அடியில்தான் இருக்கிறது. ஆனால் சித்தப்பா முன்னறையில் படுத்திருக்கிறார். கேட்டால், "தாயும் மகளுமா மிஷினைக் கெடுத்துட்டீகளா?" என்பார். காலையிலேயே விற்றுவிடுவார். கைப்பிடியில் நீங்கள் சுற்றிய சைக்கிள் டியூப் அப்படியே இருக்கிறது அப்பா. அதுவும் போய்விடுமா?

போனால் போகட்டும். அம்மா கயிற்றை இழுத்துக் கிளப்புவதற்கு முன்னால், சித்தப்பா நின்றாலும் சொல்லிவிடுவேன். உங்கள் மேல் சத்தியம்.

உங்கள் மகள்,
கயல்

அப்பா, யாரோ கதவைத் தட்டுகிறார்கள். அம்மாதான். மெல்லப் பேசுகிறாள்.

"கயலு, முழிச்சுத்தானடி இருக்க? அந்தப் பதினேழாம் நம்பர் ஸ்பேனரை எடுத்துக்கிட்டு வா. ரெண்டு கத்தி திரும்பி நிக்குது. உங்க சித்தப்பா முழிக்கிறதுக்குள்ள மாத்திருவோம்."