பார்சலில் நான்கு பித்தளை ஜெட்

சிவகாசி
புரட்டாசி மூன்றாம் தேதி

அன்பு மகள் ஆர்த்திக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் இங்கே உடம்புக்குக் குறையில்லாமல் இருக்கிறோம், நீயும் நகோயாவில் வேளைக்குச் சாப்பிட்டு சளி இருமல் இல்லாமல் இருக்கவேண்டும் என்று இருக்கன்குடி அம்மனை வேண்டிக்கொண்டுதான் பேனாவைத் திறக்கிறேன். ஞாயிறு தவறாமல் போனில் முகம் பார்த்துப் பேசுகிறவளுக்கு இப்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். மூன்று ஞாயிறாகச் சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன், உன் முகத்தைப் பார்த்ததும் சாப்பிட்டியா தூங்கினியா என்று பேச்சை மாற்றிவிட்டேன். எழுதினால்தான் எனக்கு இது வரும். வீட்டுச் செய்தி முதலில் சொல்லிவிடுகிறேன், மாடியில் உன் ரூமில் ஒழுகிய இடத்தைப் பூசியாகிவிட்டது, சீசன் ஆர்டர் போன வருஷத்தைவிடக் கூடுதல், அப்பாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, மாத்திரையை மட்டும் நான் எடுத்துக் கொடுத்தால்தான் போடுவார். இனி உன் மஞ்சள் காருக்கு வருகிறேன்.

கோயம்புத்தூரில் படிக்கிற காலத்தில் ரேஸ் ஓட்டினவர் ஒருவரிடமிருந்து அந்த இரண்டு கதவு வண்டியை நீ வாங்கி வந்தபோது, உன்னைவிட வயதான காரை எதற்குடி வாங்கினாய் என்று நான் போட்ட சத்தம் தெருவுக்கே கேட்டது. இரண்டு கார்பரேட்டர், பெரிய சைலன்சர் என்று நீ மாட்டும்போதெல்லாம் திட்டினேன். நீ ஜப்பானுக்குப் போகும்போது வாரம் ஒரு தரம் ஸ்டார்ட் பண்ணி வைம்மா, அது போதும் என்றாய். நான் வாரம் நான்கு நாள் ஓட்டினேன். லிட்டருக்கு ஆறு கிலோமீட்டர்தான் கொடுக்கிறது, இது பெட்ரோலைக் குடிக்கிறதா குளிக்கிறதா என்று சித்திரையில் உன்னிடம் புலம்பினேன், நீயும் பாவம், வேலை முடிந்து வந்து அரை மணி நேரம் விளக்கினாய். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார், காப்பிக் கலரில் இருந்தால் சரி, கரியாக இருந்தால் பெட்ரோல் கூடுதலாகப் போகிறது, எரியாத மிச்சம்தான் சைலன்சரில் போய் வெடிக்கிறது, கார்பரேட்டருக்குள் பெட்ரோலை அளந்து விடுகிற ஜெட்டைச் சின்ன ஓட்டை உள்ளதாக மாற்றச் சொல், ஒரேயடியாகக் குறைத்தால் பிஸ்டன் கருகிவிடும், படிப்படியாகக் குறைக்கச் சொல், டயர் காற்றைப் பார், டிக்கியில் கிடக்கிற பாரத்தை இறக்கு என்று ஒவ்வொன்றாகச் சொன்னாய். சின்ன ஜெட்டை அங்கிருந்து அனுப்பியும் வைத்தாய். ஒரு மாதம் கழித்துக் கேட்டபோது, மெக்கானிக் பெத்தணன் மாற்றிவிட்டார், இப்போது பத்து கொடுக்கிறது என்றேன். ஆனியில் பத்தரை என்றேன். உன் கம்ப்யூட்டரில் மாதவாரியாகக் குறித்து வைத்திருக்கிறாயே, அந்த வைகாசி, ஆனிக் கணக்கை அழித்துவிடு ஆர்த்தி. எல்லாம் பொய். பெத்தணன் பட்டறைக்கு நான் வண்டியைக் கொண்டுபோகவே இல்லை. நீ அனுப்பிய ஜெட் பீரோவில் புடவைக்கு அடியில் கிடந்தது.

ஏன் என்று கேட்பாய். சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். எனக்கு அந்தச் சத்தம் பிடித்திருந்தது. வேகமாகப் போய்ப் பட்டென்று காலை எடுத்தால் பின்னால் பட் பட் படார் என்று வெடிக்குமே, அது. நான் இந்த வீட்டுக்கு வாக்கப்பட்டு இருபத்தெட்டு வருஷம், வெடிக் கம்பெனி நடத்துகிற வீடு, ஆனால் ஒரு தகர டப்பாவைக்கூடச் சத்தமாகக் கீழே வைக்க மாட்டேன். உடம்பில் மின்சாரம் நிற்காதபடி கம்பெனி வாசலில் செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டு உள்ளே போ, பட்டு உடுத்தாதே, போனை வெளியே வை என்று ஆளாளுக்குச் சொல்லிச் சொல்லியே என் வாய் இப்படிக் கோணிப்போனது. பை தடவிப் பார்க்காமல் யாரையும் உள்ளே விட்டதில்லை. அப்பேர்ப்பட்டவள் சாத்தூர் ரோட்டில் ஆள் இல்லாத இடம் பார்த்துக் காலை எடுத்து எடுத்து வெடிக்கவிட்டுத் தனியாகச் சிரித்துக்கொண்டு போவேன். ஐம்பத்து மூன்று வயதில் எனக்கு என்ன கேடு. மைலேஜ் சரியானால் சத்தம் போய்விடும் என்று நீ சொன்னாயே, அதனால்தான் நான் மைலேஜைச் சரி பண்ணவில்லை.

ஆடி இருபதாம் தேதி வாக்கில் ஒரு நாள், மத்தியானம் மூன்று மணி இருக்கும். திருத்தங்கல் பிரஸ்ஸில் லேபிள் கட்டு வாங்கிக்கொண்டு கம்பெனிக்குப் போனேன். எப்போதும் மெயின் ரோட்டிலேயே காரை நிறுத்திவிட்டு நடந்து போவேன், வாசலுக்கு இருநூறு அடிக்குள் எந்த வண்டியும் சைலன்சரில் தீப்பொறி தடுக்கிற வலை இல்லாமல் வரக்கூடாது என்று போர்டு எழுதி வைத்ததே நான்தான். அன்றைக்கு வெயில், கட்டு வேறு கனம், ஒரு நாள்தானே என்று வாசல் வரை ஓட்டிவிட்டேன். வளைவில் காலை எடுத்தேன். பழக்கத்தில் எடுத்தேனா, ஆசையில் எடுத்தேனா என்று எத்தனை முறை கேட்டுப் பார்த்தும் எனக்கே தெரியவில்லை. மூன்று வெடி, மூன்றாவதுக்குக் கண்ணாடியில் சிவப்பாக ஒன்று தெரிந்தது. அடுத்த நிமிஷம் எல்லா ரூமிலிருந்தும் ஆட்கள் நான்கு வாசல் வழியாகவும் வெளியே ஓடுகிறார்கள், வேலி முள்ளைக்கூடப் பார்க்கவில்லை, ஓடியபடியே எல்லோரும் வானத்தைப் பார்க்கிறார்கள், எந்தப் பக்கம் புகை எழும்புகிறது என்று. நம்ம ஊரில் அந்தப் பார்வை எப்படி இருக்கும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சரம் பின்னுகிற செல்லத்தாய் வாசல்படி தடுக்கி விழுந்து வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது. கால் மணி நேரத்தில் ஊரிலிருந்து புருஷன்மாரும் பிள்ளைகளும் சைக்கிளிலும் பைக்கிலும் வந்து வேலிக்கு வெளியே பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டு நின்றார்கள்.

அந்த நேரம் பார்த்து லோடு ஏற்றிய வேனைக் கருப்பணன் அப்போதுதான் ஸ்டார்ட் பண்ணி வாசலுக்கு வந்திருந்தார். அப்பா ஓடி வந்து குனிந்து பார்த்தார், வேன் சைலன்சர் வலையில் ஒரு ஓரம் கிழிந்திருந்தது, அவ்வளவுதான், பொறி அதிலிருந்துதான் வந்தது என்று பிடித்துக்கொண்டார். அண்ணாச்சி, என் வண்டியில சத்தமே வரல, சத்தியமாச் சொல்லுதேன் என்று கருப்பணன் கையைக் கட்டிக்கொண்டு சொன்னார், சொல்லிவிட்டு என்னை ஒரு தரம் பார்த்தார். நான் லேபிள் கட்டை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றேன். வாயைத் திறக்கவில்லை ஆர்த்தி. இனிமேல் இந்த வாசப்பக்கமே வராதே என்று அப்பா சொன்னபோதும் திறக்கவில்லை. பதினாறு வருஷம் நமக்கு லோடு அடித்தவர், நீ பள்ளிக்கூடம் போகையில் பஸ்ஸை விட்டுவிட்டால் அந்த வேனில்தானே ஏறிப் போவாய். ஒரு வாரத்தில் அவர் வண்டிக்குத் தீப்பொறி வேன் என்று பேர் வந்துவிட்டது. அந்தப் பேர் வந்த வண்டியை இந்தப் பக்கம் எந்தக் கம்பெனிக்காரன் கூப்பிடுவான், சீசன் நேரத்தில் மனுஷன் வண்டியைத் தெருவில் நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தார். நான் என்ன செய்தேன் தெரியுமா, வெள்ளியில் ஒரு கை வாங்கி இருக்கன்குடி உண்டியலில் போட்டுவிட்டு வந்தேன், செல்லத்தாய் கை சீக்கிரம் கூடட்டும் என்று. அம்மனுக்குக் கொடுக்கத் தெரிந்தது, செல்லத்தாயிடம் ஒரு வார்த்தை சொல்லத் தெரியவில்லை.

அதற்குப் பிறகுதான் வண்டியைப் பெத்தணனிடம் விட்டேன். பிளக்கைக் கழற்றி என் கையில் வைத்தார், அடுப்புக்கரி மாதிரி இருந்தது. இம்புட்டு பெட்ரோலையும் எரிக்காமத்தான் ஓட்டிட்டு இருந்தீகளாக்கா என்றார். நீ அனுப்பிய ஜெட்டை மாட்டி, சைலன்சர் இணைப்பில் இருந்த கசிவை அடைத்து, டைமிங்கைத் திருத்தி, இரண்டு தரம் ஓட்டிப் பார்த்துப் பிளக் நிறம் பார்த்துக் கொடுத்தார். டேங்க் நிரப்பி, சாத்தூர் போய்த் திரும்பி மறுபடியும் நிரப்பிக் கணக்குப் பார்த்தால் லிட்டருக்குப் பதினொன்று. இது மெய்யான பதினொன்று. சத்தம் அறவே இல்லை. சூப்பர்ம்மா, நீ எஞ்ஜினியருக்கு அம்மாவா, எஞ்ஜினியரா என்று நீ போனில் குதித்தாயே, அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. பெட்ரோலை மிச்சம் பிடிக்கவா நான் அதைச் செய்தேன், தடயத்தை அழித்தேன். வண்டி சத்தம் போடாவிட்டால் யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை என்றுதான் செய்தேன்.

ஆவணிக் கடைசியில் செல்லத்தாயைப் பார்க்க ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு போனேன். கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு எனக்குக் காப்பி போடச் சொல்லி மகளை ஏவினாள். போகும்போது வாசல் வரை வந்தாள். காரைப் பார்த்தாள். இப்பல்லாம் உங்க காரு சத்தமில்லாம வருதேக்கா, எப்பச் சரி பண்ணீக என்றாள். கோபமே இல்லை, குத்தலும் இல்லை, உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்பது போலக் கேட்டாள்.  வீட்டுக்கு வந்து அப்பாவிடம் அழுது சொன்னேன்.  அவர், சீசன் முடியட்டும் யோகு, இப்ப வெளிய தெரிஞ்சா லைசென்ஸுக்கே வேட்டு வந்துரும், கருப்பணனை நான் சத்தமில்லாமக் கூப்பிட்டுக்கிடுதேன் என்றார். பயத்தில் சொன்னார், நாற்பத்திரண்டு பேர் பிழைப்பு அவர் கையில். எனக்கும் அதுதான் வசதி, சரி என்றுகூடச் சொல்லிவிட்டேன். ஆனால் கூப்பிட்டுக்கொண்டால் தீப்பொறி வேன் என்கிற பேர் போய்விடுமா சொல்லு.

மறுநாள் காலையில் வேலை தொடங்குமுன் எல்லோரையும் வாசலில் நிறுத்திப் பாதுகாப்பு பற்றி நான்தானே பேசுவேன். அன்றைக்குக் கருப்பணனையும் வரச் சொல்லியிருந்தேன். அன்னைக்கு வெடிச்சது என் காரு, கருப்பணன் வண்டி இல்ல, தெரிஞ்சும் நான் வாய மூடிட்டு நின்னேன், என்னை மன்னிச்சிருங்க என்றேன். ஒருவரும் திடுக்கிடவில்லை. அதுதான் என்னைக் கொன்றது. பாதிப் பேர் தரையைப் பார்த்தார்கள். கருப்பணன்தான் பேசினார், உங்க காருன்னு எனக்கு அன்னைக்கே தெரியும்க்கா, நீங்களாச் சொல்லுவீகன்னுதான் உங்க முகத்தைப் பாத்தேன் என்றார். இருபத்தெட்டு வருஷமாக அவர்கள் பையை நான் தடவிப் பார்த்திருக்கிறேன், இத்தனை நாளும் அவர்கள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். அன்று மத்தியானமே திருத்தங்கல் லோடு ஆபீஸுக்குப் போய் டிரைவர்கள் எல்லோர் முன்னாலும் இதையே சொன்னேன். இனி மறைத்துப் பயனில்லை என்று நடந்ததை அப்பா வெடி லைசென்ஸ் ஆபீஸுக்கு எழுதியும் கொடுத்துவிட்டார், விசாரணைக்கு வருவார்கள், வரட்டும். செல்லத்தாய்க்குக் கை கூடும் வரை சம்பளம் குறையாமல் போகிறது, அதைப் பெருமையாகச் சொல்லவில்லை. கருப்பணன் திரும்ப வந்துவிட்டார், புது வலை மாட்டியிருக்கிறார், வணக்கம் வைக்கிறார், முன்னைப் போலப் பேச்சு மட்டும் இல்லை. அதைக் கேட்டு வாங்க முடியுமா.

இன்னொன்று. தீப்பெட்டியோ பீடியோ எது கொண்டுவந்தாலும் முப்பது நாள் வாசலுக்கு வெளியே என்று சட்டம் போட்டவள் நான். அதே முப்பது நாளை எனக்கும் போட்டுக்கொண்டேன், அப்பா வேண்டாம் என்றார், நான் கேட்கவில்லை. காலையில் எல்லோரும் வரும்போது வாட்ச்மேன் ஷெட்டுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்கிறேன், உள்ளே போகிறவர்கள் என்னைத் தாண்டித்தான் போகவேண்டும். முதல் நாள் தலை நிமிரவில்லை. இப்போது நிமிர்த்தி ஒவ்வொருவர் முகமாகப் பார்க்கிறேன், கூச்சமாகத்தான் இருக்கிறது. பை தடவிப் பார்க்கிற வேலையை இப்போது செல்லத்தாய் செய்கிறாள், இடது கையாலேயே.

இதோடு வருகிற பார்சலில் முறுக்கும் பருப்புப் பொடியும் வைத்திருக்கிறேன், கூடவே ஒரு மஞ்சள் துணி முடிச்சில் நான்கு பித்தளைத் துண்டு இருக்கும். உன் காரிலிருந்து கழற்றிய பழைய பெரிய ஜெட். தூக்கிப் போட்டுரவாக்கா என்று பெத்தணன் கேட்டதற்கு வேண்டாம், கொடுங்க என்று வாங்கிப் பர்ஸில் வைத்துக்கொண்டேன். செல்லத்தாய் கை ஒடிந்து கிடக்கும்போதே, என்றைக்காவது மறுபடி மாட்டலாம் என்று வைத்துக்கொண்டேன். எல்லாவற்றையும் எல்லோரிடமும் சொன்னேன், இதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை, உன்னிடம்தான் சொல்கிறேன். உன்னிடமே இருக்கட்டும், நான் கேட்டாலும் கொடுக்காதே. குளிர் தொடங்குமுன் கம்பளி வாங்கிக்கொள், தலைக்கு எண்ணெய் வை. என்னைத் திட்டவேண்டும் என்றால் ஞாயிற்றுக்கிழமை வரை காத்திராமல் இன்றைக்கே கூப்பிட்டுத் திட்டு. நீ நீண்ட ஆயுளோடும் என்னைவிட நேரான வாயோடும் இருக்கவேண்டும் தாயி.

உன் அம்மா
யோகேஸ்வரி
கம்பெனி வாசலுக்கு வெளியே, ஒன்பதாவது நாள்