நீலமாக மாறிய தாள்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது.

கடவுள் கருணையில் எல்லோரும் நலம் என்று எழுதத்தான் கை போகிறது. முக்கால்வாசி நலம் என்று வைத்துக்கொள்.

உங்கள் ஆய்வுக்கூடத்தில் செய்த நிறம் மாறும் தாள்கள் முப்பதும் வந்து சேர்ந்தன. மீன் கெடும்போது கிளம்பும் அமீன் என்ற வாயு பட்டால் மஞ்சள் நீலமாகும் என்று நீ எழுதியதை நோட்டின் முதல் பக்கத்தில் ஒட்டிவிட்டு, அப்பா ஆஸ்பத்திரிக்கு வாங்கும் மீனில் ஒன்றைத் தாளோடு டப்பாவில் மூடி வைத்து, தேதி, மீன், நிறம் என்று தினமும் குறித்தேன். பதினோரு நாளும் மஞ்சள்தான். "ஆஸ்பத்திரி சமையலுக்கு இருபது வருஷமா மீன் வாங்குற மூக்கு இது. உன் பொண்ணு காகிதம் எனக்குப் பரீட்சை வைக்குதா?" என்று அப்பாவுக்குச் சிரிப்பு.

செவ்வாய்க்கிழமை டப்பாவில் வைத்த தாள் பத்தே நிமிஷத்தில் நீலமானது. அப்பா முகத்தை உள்ளே விட்டு மோந்து, "அருமையான மீன். தாளுக்குத்தான் கிறுக்கு" என்றார்.

மீனில் குறை இல்லைதான். தப்பு என்னுடையது. கண்ணாடி துடைக்கும் அம்மோனியா திரவத்தால் டப்பாவைத் துடைத்து, அலசாமல் விட்டிருக்கிறேன். அதற்கும் நிறம் மாறும் என்று நீ எச்சரித்திருந்தாய். ஆனால் மூடியைத் திறந்ததுமே நெடியில் எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அப்பா முகத்தை எடுக்கவே இல்லை.

மீனைக் கொட்டிவிட்டு, துடைத்த துணியை அவர் கையில் கொடுத்தேன். மோந்தார். திருப்பி மோந்தார். போன மாதக் காய்ச்சலுக்குப் பிறகு எந்த வாசனையும் தெரியவில்லையாம். "கண்ணையும் செவுளையும் பாத்தே ஓட்டிட்டிருக்கேன். யார்கிட்டயும் சொல்லித் தொலைக்காத" என்றார்.

நாற்பது நோயாளிகள் சாப்பிடும் மீன். என்னால் வாயை மூடிக்கொண்டு சாமி கும்பிட முடியாது என்றேன். அன்றே இரண்டு வாரம் லீவு எழுதிக் கொடுத்தார். லீவு முடிந்ததும் மேலாளரிடம் தானே சொல்வாராம். மூக்குக்குப் பதில் உன் தாளைக் காட்டி அதே வேலையைக் கேட்பாராம். மீதிப் பதினெட்டையும் எடுத்து வைத்துக்கொண்டார்.

என் நோட்டில், கெட்ட மீனைத் தாள் பிடித்ததாக ஒரு வரி கூட இல்லை. அதை மட்டும் நம்பி நாற்பது பேருக்குப் பரிமாறலாமா? எனக்கு எழுதாதே, அப்பாவுக்கே எழுது. அவர் மனம் நோகாமல் எழுத வருமானால் நல்லது. வராவிட்டாலும் உள்ளதையே எழுது. நீ சொன்னால் கேட்பார்.

அதை எழுதும்போது உன் கையும் எல்லாம் நலம் என்றே போய்விடாமல் கடவுள் பார்த்துக்கொள்ளட்டும்.

உன் அம்மா