சின்னக் கைக்கு ஏற்ற பிடி

டெக்சாஸ், சனிக்கிழமை

அன்பு ஜாய்ஸ்,

சேசு புண்ணியத்தில் நான் சுகம். உன் இருமல் நின்றதா?

எங்கள் கடையில் இப்போது ஒல்லிப் பிடி வைத்த பிளாஸ்டிக் கைத்துப்பாக்கிதான் அதிகம் விற்கிறது. பெரிய தோட்டா போடுவது, ஆனால் சின்னக் கைக்குள்ளும் அடங்குகிறது. வருகிறவர்களின் கையை அளந்து பொருத்தமானதை எடுத்துக்கொடுப்பது என் வேலை.

நேற்று ஓர் அம்மாவை அளந்தபோது, கூட வந்த மகளும் கையை நீட்டினாள். நம் ஷெரின் வயதுதான். விளையாட்டாக அளந்தேன். கண்ணில் தூசி என்று உள்ளே போய்விட்டேன். வேறொன்றுமில்லை, கவலைப்படாதே.

போன வாரம் ஷெரின், "யம்மா, அமெரிக்காக்காரவுக கூப்பிடுறாக" என்று போனை உன்னிடம் நீட்டினாளே, அதற்காக அவளைத் திட்டாதே. அவள் கையைத் தாளில் வைத்துப் பென்சிலால் சுற்றி வரைந்து அனுப்பு.

கடைக்கு நேரமாகிவிட்டது. கையை வரைவது எதற்கென்று அவள் கேட்டால், வளையல் வாங்க என்று சொல்.

உன் ஆல்பின்