நாற்காலி ஆடிய படம்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் வாண்டுப் பயலும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். இங்கே அம்மா நலம், அவள் வாயும் நலம். நானும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், அந்த வார்த்தையைக் கொஞ்சம் தள்ளி வைக்கிறேன்.

முதலில் நீ கேட்ட லென்ஸ் விஷயம். கேமரா வாங்கியாயிற்று, இப்போதைக்கு ஒரு லென்ஸ்தான், கை ஆட்டத்தைத் தாங்கும் வசதி உள்ளது ஒன்று, அது இல்லாமல் வெளிச்சத்தை அதிகம் வாங்குவது ஒன்று, எதை எடுக்கட்டும் என்று கேட்டிருந்தாய். கத்தரிக்கோல் பிடிக்கிறவனிடம் கேட்கிற கேள்வியா இது! ஆனாலும் மகள் கேட்டுவிட்டாளே என்று நம் சலூனுக்குப் பக்கத்து ஸ்டூடியோக்காரரைப் பிடித்தேன். நான் வாயால சொன்னா உன் மண்டையில ஏறாது, நீயே எடுத்துப் பாருய்யா என்று தன் கேமராவையே கையில் கொடுத்துவிட்டார். லென்ஸின் பக்கத்தில் ஒரு சின்ன சுவிட்சு. அதைப் போட்டால் நம் கை ஆடுவதை லென்ஸே சரிக்கட்டிக்கொள்ளுமாம், அணைத்தால் நம் பாடு.

மதியம் கடையில் ஆளில்லை. சாப்பாடு கொண்டுவந்த அம்மாவைக் கண்ணாடிக்கு முன்னால் நிறுத்தி, சுவிட்சை அணைத்துவிட்டு எடுத்தேன். படத்தில் அவளுக்கு நாலு காது. அசையாம நில்லேன் என்று அதட்டினேன். நான் கல்லு மாதிரிதான் நிக்கிறேன், ஆடுறது நீங்க என்றாள். உனக்கு நாற்காலியே தேவலை என்று வாடிக்கைக்காரர் உட்காரும் காலி நாற்காலியைப் படம் எடுத்தேன். தரையோடு முடுக்கி வைத்த இரும்பு நாற்காலி, உனக்குத்தான் தெரியுமே. அதுவும் ஆடியிருந்தது. சுவிட்சைப் போட்டேன், ஓரளவு தெளிந்தது. லென்ஸில்தான் கோளாறு என்று ஸ்டூடியோக்காரரிடம் சண்டைக்கே போய்விட்டேன். உன் கடைக்குள்ள வெளிச்சம் கம்மி, கேமரா மெதுவாத்தான் கண்ணை மூடும், யார் கையும் கொஞ்சம் ஆடத்தான் செய்யும் என்று சிரித்துக்கொண்டே அவர் வந்து, சுவிட்சு இல்லாமலே அதே நாற்காலியை எடுத்தார். சீட்டின் தையல்கூடத் தெரிந்தது. பிறகு என் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தார். என்னைக் கிண்டல் பண்ணாமல் அவருக்குச் சோறு இறங்காது, அன்றைக்குக் கேமராவை மூடிப் பைக்குள் வைத்தார். டாக்டர்கிட்ட ஒரு தடவை காட்டிடுங்க என்றார். எப்போதும் வாய்யா போய்யா என்கிறவர் எனக்கு 'ங்க' போட்டார்.

கொஞ்ச நாளாகவே வருகிறவர்களை எல்லாம் தலையை ஆட்டாதீங்க, ஆட்டாதீங்க என்று விரட்டிக்கொண்டிருந்தேன். போன வாரம் மருந்துக்கடைக்காரருக்குத் தாடையில் கீறிவிட்டது, நீங்க அசைஞ்சா நான் என்ன செய்ய என்று அவரையே திட்டினேன், அந்த மனுஷனும் என்னிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனார். அவர் அசையவே இல்லை மகளே. வருகிறவர்கள் கழுத்தை நீட்டிக் கண்ணை மூடித் தூங்கிவிடுகிறார்கள், அவ்வளவு நம்பிக்கை, அந்தத் தொண்டையில் இந்தக் கை கத்தி வைத்திருக்கிறது. படம் எடுத்த அன்றோடு சவரக்கத்தியைத் தொடவில்லை. கேட்கிறவர்களிடம் தாடிதான் உங்களுக்கு எடுப்பா இருக்கு என்கிறேன், தெருவில் பாதிப் பேர் சாமியார் ஆகிக்கொண்டிருக்கிறார்கள். கத்தி போனால் போகட்டும், கத்தரிக்கோலும் போய்விடுமோ, சாதாரண நடுக்கம்தானோ, பெரிய பேர் உள்ள வியாதியோ, ஒன்றும் புரியவில்லை. நாளைக்கு டாக்டரிடம் போகிறோம். பயமா இருக்கா என்று அம்மா கேட்டாள். எனக்கென்ன பயம் என்றேன். அவள் என் கையில் இருந்த டம்ளரை வாங்கிக் கீழே வைத்தாள்.

இன்னொன்று, லென்ஸ் கடைக்குப் போகும்போது நீயும் சுவிட்சை அணைத்துவிட்டு ஏதாவது எடுத்துப் பார். படம் எப்படி வந்தது என்று எனக்குச் சொல். சும்மாதான் கேட்கிறேன். இதெல்லாம் ரத்தத்தில் வருமா என்று யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். அந்த வசதி பிடிக்கிறவன் கையைத்தான் தாங்கும், எதிரே ஓடுகிறவனை நிறுத்தாது என்கிறார் ஸ்டூடியோக்காரர். உன் பிள்ளை ஒரு இடத்தில் நிற்கிற ஜாதியா? அவனைப் பிடிக்கக் கேமரா சட்டென்று கண்ணை மூட வேண்டும், அதற்கு வெளிச்சம் அதிகம் வாங்குகிற லென்ஸ்தான் சரி, உன் கைக்கு மற்றது அவசியமில்லை என்று சொல்லிவிட்டார்.

மாப்பிள்ளைக்கு என் அன்பைச் சொல். மூன்று பேரும் நீண்ட ஆயுளோடு நிறைவாக வாழ வேண்டும். நேரத்துக்குச் சாப்பிடு. நாளை சாயங்காலம் போன் பண்ணு, முதலில் அம்மாவிடம் பேசு, அவள் அழுதால் அழட்டும், தடுக்காதே.

லென்ஸ் மட்டும், அவர் சொன்னதை விட்டுவிட்டு, கை ஆட்டத்தைத் தாங்குவதையே வாங்கும்மா. நீங்கள் வரும்போது நானும் பேரனைப் படம் எடுக்க வேண்டாமா. ஓடுகிறபோது முடியாதுதான். அவன் தூங்கும்போது எடுத்துக்கொள்கிறேன்.

உன்
அப்பா